கப்பல் பட்டியலும் ரேஷன் கார்டும்: புலம்பெயர்ந்த குடும்பங்களின் வம்சாவளி

நான் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளன் இல்லை. மாதுங்காவில் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவன். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்ததும், நேரம் கிடைத்தபோது ஃபோர்ட்டில் ஏசியாட்டிக் சொசைட்டி நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்ததும்தான் என் படிப்பு. பூர்வீகம் ஆரணிப் பக்கம். தமிழ்ச் சமணக் குடும்பம். ஊரில் எங்களை நயினார் என்பார்கள். மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, பல வருஷமாக மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்தையே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

டர்பனிலிருந்து வந்த காகிதம்

2011-ஆம் வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஒரு தம்பதி என் கடைக்கு வந்தார்கள். தமிழர்கள்தான், ஆனால் தமிழ் பேச வராது. பெயரின் கடைசியில் 'கோவெண்டர்' என்று இருந்தது. மூதாதையரின் ஊரைத் தேடிச் சென்னைக்குப் போயிருக்கிறார்கள். கையில் இருந்த காகிதத்தில் ஊர்ப் பெயர் 'சேட்பட்' என்று ஆங்கிலத்தில் இருந்ததால் சென்னை சேத்துப்பட்டில் மூன்று நாள் தெருத் தெருவாக அலைந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் மும்பை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சங்க நண்பர் ஒருவர், "நயினாரிடம் ஒரு தடவை காட்டிப் பாருங்கள்" என்று அழைத்துவந்தார்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு கப்பல் பட்டியலின் நகல் அது. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடல் அடையாளம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஜில்லா என்ற கட்டத்தில் வட ஆற்காடு, தாணா என்ற கட்டத்தில் போளூர். எனக்குச் சிரிப்பும் வந்தது, பரிதாபமும் வந்தது. "ஐயா, இது சென்னைச் சேத்துப்பட்டு இல்லை. எங்க ஊர்ப் பக்கம் போளூருக்கு அருகில் ஒரு சேத்துப்பட்டு இருக்கிறது, அது" என்றேன். மூன்று நாள் அலைச்சலுக்கும் விடை பக்கத்துக் கட்டத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த அம்மாள் கடைசிக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். 'இடது முழங்காலில் தழும்பு' என்று எழுதியிருந்தது. கொள்ளுப் பாட்டனாரின் முகம் எப்படி இருக்கும் என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. முழங்கால் தழும்பு மட்டும் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பத்திரமாக இருக்கிறது.

எண்ணியவர்கள் எழுதிய வம்சாவளி

இந்தப் பட்டியல் ஏன் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். நேட்டால் என்ற ஆங்கிலேயக் காலனியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். ஆள் ஓடிப்போனால் பிடிக்க வேண்டும், செத்தால் கணக்கை முடிக்க வேண்டும். தழும்பும் தகப்பன் பெயரும் எழுதப்பட்டது இதற்காகத்தான், பிற்காலத்துப் பேரப்பிள்ளைகள் மேல் உள்ள கருணையால் அல்ல. ஆனாலும் இன்று அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு அதுவே மூல ஓலை.

அரசர்கள் கதை வேறு. கரூர் மாவட்டம் புகளூரில் ஆறுநாட்டார் மலை என்று ஒரு குன்று இருக்கிறது. அங்கே யாற்றூர் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காகச் சேரர் வெட்டிக் கொடுத்த கற்படுக்கையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு உண்டு. காலம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை அதில் வரிசையாக வருகிறது. தமிழில் கல்லில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய வம்சாவளிகளில் இதுவும் ஒன்று. கல் வெட்ட வசதி இருந்தவன் தன் அப்பன், பாட்டன் பெயரைத் தானே வெட்டிக்கொண்டான்.

வியாபாரச் சமூகங்கள் சிலவும் இதற்கு ஏற்பாடு செய்துகொண்டன. நகரத்தார் வீட்டுத் திருமணம் அவரவர்க்குரிய நகரக் கோயிலில் பதிவாகும். ஒன்பது கோயில்களில் இந்தப் 'புள்ளி'க் கணக்கு உண்டு. இங்கே மும்பையில் என் குஜராத்தி நண்பர்களைக் கேட்டால், 'வஹிவஞ்சா' என்ற மரபினர் வந்து நீளமான நோட்டில் பிள்ளை பிறந்ததைக் குறித்துக்கொண்டு போகும் வழக்கத்தைச் சொல்வார்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, புள்ளியும் இல்லை, வஹியும் இல்லை. நம்மை எண்ணியவர்கள் எழுதி வைத்ததுதான் உண்டு.

பெயர் மாறும், ஜில்லாவும் மாறும்

டர்பன்காரரின் 'கோவெண்டர்' எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் கவுண்டர்தான். முதலியார் அங்கே 'மூட்லி' ஆனார். பிள்ளை 'பிள்ளே', நாயக்கர் 'நாய்க்கர்', படையாச்சி 'படயாச்சி' என்று எழுத்து மாறியது. வேறு சிலருக்குத் தகப்பன் பெயரான முனுசாமியோ பெருமாளோ குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். பிள்ளைகள் அதையே சுமந்தார்கள்.

சிரித்துவிட வேண்டாம். நம் மும்பையில் மட்டும் என்ன நடந்தது? இங்கே பள்ளியில் சர்நேம், பிள்ளை பெயர், தகப்பன் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு ஏது சர்நேம்? ஒருவர் ஊர்ப் பெயரை எழுதினார், ஒருவர் சாதிப் பட்டத்தை எழுதினார், இன்னொருவர் தாத்தா பெயரை எழுதினார். அண்ணனைச் சேர்க்கப் போனது அப்பா, தம்பியைச் சேர்க்கப் போனது மாமா. ஒரே வீட்டில் இரண்டு சர்நேம்! நூறு வருஷம் கழித்து இதைப் பார்க்கிறவன் இருவரையும் வேறு வேறு குடும்பம் என்றுதானே நினைப்பான்?

ஊரும் அப்படித்தான், ஊர் அங்கேயே இருக்கும், ஜில்லா மாறிவிடும். 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். சித்தூர் தனி மாவட்டமானதும் வேலூர் தலைநகரமாயிற்று. 1989-ல் வட ஆற்காடு இரண்டாகி ஆரணியும் போளூரும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019-ல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. தாராவியில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமையார். அதிலிருந்து தூத்துக்குடி 1986-லும், தென்காசி 2019-லும் பிரிந்தன. ஆகவே பழைய காகிதத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று இருந்தால் மூன்று மாவட்டங்களிலும் தேட வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் சேத்துப்பட்டுக் கதைதான்.

அயர்லாந்துக்காரர் பட்ட பாடு

இந்தத் தேடலில் நமக்கு முன்னோடிகள் அயர்லாந்துக்காரர்கள். அமெரிக்கா ஆங்கிலேயக் காலனியாக இருந்தபோதே அங்கே போனவர்களில் பலர் பயணக் கூலிக்கு ஈடாக நாலு முதல் ஏழு வருஷம் வரை வேலை செய்ய ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள். அவர்களுடைய சந்ததியார் ஊரைத் தேடி டப்ளினுக்குப் போனால் பெரிய இடி காத்திருக்கிறது. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குப் படிவங்கள் ஏறக்குறைய முழுதும் சாம்பலாயின. பிறகு என்ன செய்தார்கள்? போய்ச் சேர்ந்த நாட்டில் இருந்த காகிதங்களைப் பிடித்தார்கள். நிலப் பத்திரம், உயில், தேவாலயப் பதிவு, கல்லறைக் கல், ஒப்பந்தச் சீட்டு. ஒன்றில் இல்லாததை மற்றொன்றில் தேடிக் கோத்தார்கள். எரிந்தவற்றின் நகல்கள் வேறு எங்கெல்லாம் உண்டோ அவற்றைத் திரட்டி, 2022-ல் அந்தக் காப்பகத்தைக் கணினியில் மறுபடி எழுப்பவும் தொடங்கிவிட்டார்கள்.

மேரிலாந்தில் குடியேறிய கரோல் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1688-ல் அயர்லாந்திலிருந்து வந்தவர் சார்லஸ் கரோல். அவர் மகன் பெயரும் சார்லஸ் கரோல். பேரன் பெயரும் அதே! குழப்பம் தீர அவர்கள் செய்தது நம் வழிதான், ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல்வர் 'குடியேறிய' சார்லஸ், மகன் 'அன்னாபொலிஸ்' சார்லஸ், பேரன் 'கரோல்டன்' சார்லஸ். இந்தப் பேரன்தான் 1776-ன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கர். கையெழுத்திட்டவர்களில் கடைசியாக மறைந்தவரும் அவரே (1832). அவர் பிறந்தது 1737-ல். பெற்றோர் சட்டப்படி மணம் செய்துகொண்டது 1757-ல். காகிதம் கௌரவம் பார்க்காது. உள்ளதைச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. கரோல் வீட்டார் பெரிய அடிமைப் பண்ணையார்கள். 1773-ல் அன்னாபொலிஸ் சார்லஸ் தம் பண்ணை அடிமைகளைக் குடும்பம் குடும்பமாக, வயதோடு பட்டியல் எழுதச் செய்தார். சொத்துக் கணக்குக்காக எழுதியதுதான். ஆனால் தாய் யார், பிள்ளை யார் என்று அந்த மக்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் எழுத்தும் அதுவே. நேட்டால் கப்பல் பட்டியலும் இதற்கு உடன்பிறப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தாராவி டிரங்குப் பெட்டி

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1871-ல் பம்பாய் ரயில் பாதையும் சென்னை ரயில் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. தாராவியில் திருநெல்வேலி முஸ்லிம் வியாபாரிகளின் தோல் பதனிடும் கூடங்கள் வந்தன. பின்னாலேயே தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. மாதுங்காவில் ரயில்வே பணிமனை 1915-ல் ஏற்பட்டது, எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் 1932-ல். செம்பூர்ப் பக்கம் ஆலைகளும் அணுசக்திக் குடியிருப்பும் வந்தபின் மாதுங்காவிலிருந்து பலர் அங்கே நகர்ந்தார்கள். இத்தனை பேரும் எங்கேயோ ஒரு பதிவேட்டில் ஏறியிருக்கிறார்கள்.

குடிக்கணக்கில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நம் நாட்டில் தனிநபர் படிவம் ரகசியம், யாருக்கும் காட்ட மாட்டார்கள். நமக்கு உதவுவது வேறு காகிதங்கள். ரேஷன் கார்டில் வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரும், வயதும், தலைவருக்கு என்ன உறவு என்பதும் இருக்கும். 1976 ஜனவரியில் குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த போட்டோ பாஸில் தாத்தாவின் படம் இருக்கும். பள்ளி லீவிங் சர்டிபிகேட்டில் பிறந்த ஊர் இருக்கும். ரயில்வேயில் இருந்தவர்களின் சர்வீஸ் புத்தகம், மாநகராட்சிப் பிறப்பு இறப்புப் பதிவு, ஊரிலுள்ள பட்டா, பழைய கிரயப் பத்திரம், எல்லாமே சாட்சிகள்.

டப்ளினுக்கு 1922 என்றால் நமக்கு 2005 ஜூலை 26. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு வீட்டுக்குள் வந்தது. எத்தனை டிரங்குப் பெட்டிகளில் இருந்த காகிதம் கூழானது என்பதை அன்று நடந்து பார்த்தவர்கள் அறிவார்கள்.

2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறோம் என்பதற்குச் சான்று முக்கியம். தெரிந்த குடும்பம் ஒன்று, காகிதங்களைப் படித்து அடுக்கிக் கொடுக்கச் சொல்லி என்னை அழைத்தது. ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. போட்டோ பாஸில் கணவர் பெயர் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், மூத்த மகன் சர்டிபிகேட்டில் வேறு விதம். "எல்லாம் அவாள் பேருதான் அண்ணாச்சி. வீட்டுல கூப்பிடுறது ஒண்ணு, கம்பெனியில எழுதினது ஒண்ணு, குலசாமி பேரு ஒண்ணு" என்றார் ஆச்சி. அவர் சொல்லச் சொல்ல, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டத் தேதிவாரியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். கப்பல் பட்டியலில் நான் கற்ற வித்தை ஒரு கோலி வீட்டுக்கு ஆதாரமாகப் பயன்பட்டது. ஆச்சி இல்லாமல் அந்தக் காகிதம் பேசியிராது. காகிதம் இல்லாமல் ஆச்சி சொன்னது எடுபட்டிராது.

ஆயாவின் அம்மா பெயர்

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அன்று கடையில் டர்பன்காரர் என்னைக் கேட்டார், உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும் என்று. நான் பெருமையோடு அப்பா, தாத்தா என்று ஆரம்பித்து ஐந்து பெயர் சொன்னேன். நிலப் பத்திரம் பார்த்து மனப்பாடம் செய்தது. அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார், "உங்க ஆயாவோட அம்மா பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. பத்திரத்தில் ஆண்கள்தான் இருந்தார்கள். ஆயா இருந்தபோது நான் கேட்கவும் இல்லை. நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப்போன பெண்ணுக்குக்கூடத் தனி எண்ணும் பெயரும் பட்டியலில் இருக்கின்றன. ஊரிலேயே வாழ்ந்து மறைந்த என் கொள்ளுப் பாட்டிக்கு ஒரு வரி இல்லை.

இரவு கடை அடைக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்தக் காலத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்கள். உளியால் புள்ளி புள்ளியாக, தகப்பன் தலைப்பெழுத்தோடு, சில சமயம் வருஷத்தோடு. பெண்களின் பெயர் எழுத்தாக நின்ற இடம் அதுதான். 1980-களில் எவர்சில்வர் மோகம் அடித்தபோது அண்டா, குடம், தவலை, தூக்கு என்று ஜனங்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து எடைக்குப் போட்டார்கள். வாங்கிக் காய்ச்சும் பட்டறைக்கு அனுப்பியவன் நான். எத்தனை வீட்டு ஆயாக்களின் பெயரை உருக்கியிருப்பேனோ! எங்கள் வீட்டுப் பாத்திரத்தையும் ஊரிலிருந்து வரவழைத்து நானேதான் மாற்றிக் கொடுத்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதுப் பாத்திரம் பளபளவென்று இருந்தது.

அதன்பின் ஊருக்குப் போனபோது வீடு வீடாகக் கேட்டேன். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, பரணிலிருந்து ஒரு சொம்பை எடுத்துக் கொடுத்தார். புளி போட்டுத் தேய்த்தால் கழுத்தடியில் புள்ளி எழுத்து. ஒரு பெண்ணின் பெயர், முன்னால் ஒரு தலைப்பெழுத்து. அந்த எழுத்து ஆயாவுடைய தாய்வழிப் பாட்டனார் பெயரோடு பொருந்துகிறது. இன்னொரு சாட்சி கிடைத்தால் உறுதி சொல்வேன். அந்தப் பெயரை இங்கே அச்சில் போடவில்லை. எங்கள் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பேனாவால் எழுதும் நாளுக்குக் காத்திருக்கிறேன்.

டர்பன் தம்பதி மறுவருஷம் போளூர்ச் சேத்துப்பட்டுக்குப் போய்வந்தார்கள். உறவு என்று அடித்துச் சொல்ல ஒரு குடும்பமும் அகப்படவில்லை. "ஊர் கிடைத்தது, சரியான ஊர் கிடைத்தது" என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

நாம் செய்ய வேண்டியது

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வீட்டில் கூப்பிட்ட பெயர், காகிதத்தில் எழுதிய பெயர் இரண்டையும் எழுதுங்கள். அப்பா பெயருக்குப் பக்கத்திலேயே அம்மா பெயர், அம்மாவின் ஊர். ஊரோடு தாலுகாவும், அன்றைய ஜில்லாவும், இன்றைய மாவட்டமும். எந்தக் காகிதத்தில் பார்த்தது அல்லது யார் சொன்னது என்பதும் வேண்டும். காகிதங்களைச் செல்போனில் படம் எடுத்து இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்து வையுங்கள். வீடு மாறும் முன்னால் இதைச் செய்யுங்கள். புது மாடி வீட்டுக்குப் போகும்போது முதலில் வெளியே எறியப்படுவது பழைய டிரங்குப் பெட்டிதான்.

மகாராஷ்டிர அரசு, 2024 மே 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் கட்டாயமாகச் சேர்த்திருக்கிறது. இனி வரும் தலைமுறைக்கு அந்தக் கவலை குறையும். அதற்கு முன்னே போனவர்களின் பெயரை நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

இப்போதும் என் கடைக்குப் பழைய பித்தளை வருகிறது. எடை போடும் முன் கழுத்தடியைத் துடைத்துப் பார்க்கிறேன். பெயர் இருந்தால், "அம்மா, இது யாருங்க?" என்று கேட்கிறேன். தெரியாது என்று சொல்பவர்களிடம், அந்த ஒன்றை மட்டும் விற்காமல் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். வியாபாரத்தில் கொஞ்சம் நஷ்டம்தான். பழைய கடனில் கழித்துக்கொள்கிறேன்.